ஒட்டுப்பால்

குலசேகரத்தில் ரப்பர்ப் பால் எடுக்கும் டிப்போ.
காலை பத்துக்குள் நாற்பது வாளி வந்துவிடும்.
மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு
எந்தக் கோட்டில் நிற்கிறதென்று குனிந்து பார்த்து
நோட்டில் எழுதுவது என் வேலை.
தண்ணீர் கலந்தவர்கள் சத்தமாகப் பேசுவார்கள்.
அமோனியா விட மறந்தவர்கள்
முகம் பார்க்காமல் வாளியை வைப்பார்கள்.
உறைந்ததற்கு விலை வேறு.

என் உடம்பில் அமோனியா விட ஆளில்லை.
ஓட வேண்டிய நீரெல்லாம்
நெஞ்சில், கணையத்தில், குடல் மடிப்பில்
ஒட்டுப்பாலாய்ப் பிடித்துக்கொள்ளும்.
புட்டுக்கு மூன்று மாத்திரை, மீன்கறிக்கு ஐந்து,
கல்யாண வீட்டில் எட்டு,
அதுவும் இலையின் மறைவில்.

இருபத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்தில்
கையில் துண்டுத்தாள் கட்டி வியர்வை எடுத்தார்கள்.
உப்பை அளந்து சொன்னார்கள்: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.
அம்மா அதைப் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில்
எழுத்துக் கூட்டி எழுதிவைத்தாள்.
அதற்குப் பதினோரு வருஷம் முன்பே
ரெஜின் போய்விட்டான், ஒன்பது வயதில்.
அவன் சீட்டில் நிமோனியா என்றுதான் இருந்தது.

பிறகு நான் எதையும் குறுகிய தவணையில்தான் வாங்கினேன்.
அப்பா விட்டுப்போன முப்பது சென்டில்
ரப்பர் வைக்கவில்லை.
கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷம்.
மரச்சீனி போட்டேன்.
பத்து மாசம்.
அதுவே எனக்கு நீளமாகத் தெரிந்தது.

நாற்பது முடிந்த மாதம்
டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"குடலை ஒருக்கா உள்ள பாத்துருவமா?"
அதுவரை நாங்கள் நுரையீரலைத்தான் பேசியிருக்கிறோம்.
"உங்க நோய் உள்ளவங்களுக்குக் குடல் புற்று
மத்தவங்களவிடப் பல மடங்கு வருது.
சின்ன வயசிலயே வருது.
முன்னாடி இது இவ்வளவு தெரியல."
ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை.
தெரிந்துகொள்ளப் போதுமான பேர்
அந்த வயதுக்கு வந்து சேர்ந்ததில்லை.
ரெஜினுக்கு இந்த அபாயம் கிடையாது.

தடிக்காரன்கோணம் பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன்.
எனக்கு வந்திருப்பது பயமா, ஒருவித மிடுக்கா?
கண்டக்டர் இரண்டு முறை சில்லறை கேட்டார்.

குடலைக் கழுவ மற்றவர்களுக்கு ஒரு நாள் மருந்து.
எனக்கு இரண்டு நாள்.
ஒட்டியிருப்பது லேசில் விடாதாம்.
டிப்போவில் கூட நிற்கும் வசந்தபாய்
லீவு போட்டு வந்து, தம்ளர் தம்ளராய்க் கலக்கித் தந்து
பால்கணக்கு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் கோடு கிழித்தாள்.
பதினாலாவது கோட்டில்
"இனி மெட்ரோலாக்கைப் போட்டுப் பாப்பமா பிள்ளே?" என்றாள்.
சிரித்த சிரிப்பில் அந்த உப்புத்தண்ணீர்
பாதி மூக்கில் ஏறியது.

நாகர்கோவிலில் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள்.
மயக்கம் ஏறுமுன் கொஞ்சம் திரையைப் பார்த்தேன்.
நாற்பது வருஷம் நான் திட்டிய இடம்
இத்தனை பளபளப்பா?

மிளகளவில் இரண்டு முளை.
வெட்டி எடுத்துக் குப்பியில் போட்டு
ஷைலட் மேரி என்று ஒட்டி அனுப்பினார்கள்.
பன்னிரண்டு நாள் கழித்து ரிசல்ட்:
புற்று இல்லை.
விட்டிருந்தால் ஆகியிருக்கலாம்.
டாக்டர் அடுத்த தேதியை எழுதினார்,
மூன்று வருஷம் தள்ளி, மாசத்தோடு.
மின்கட்டணத் தேதி எழுதுவதுபோல
நிமிராமல் எழுதினார்.
என் பெயருக்கு நேரே
அவ்வளவு தூரத்து வருஷத்தை
யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நேற்று நர்சரியில் ரப்பர்க் கன்று விலை கேட்டேன்.
கேட்டேன், அவ்வளவுதான்.
ஏழில் மூன்று போனால் நாலு.
அந்த நாலுக்கு
இன்னும் யாரும் தேதி தரவில்லை.
நர்சரிக்காரர் கேட்கிறார்,
எத்தனை கன்று வேணும் என்று.